மானகிரியில் நான், வேளச்சேரியில் என் லேப்டாப்

எங்கள் மேல் வீட்டில் டைல்ஸ் மாற்ற ஆரம்பித்ததுதான் இந்தப் பயணத்துக்குக் காரணம். போன ஆகஸ்ட் மாதம். வேளச்சேரியில் நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. மூன்றாவது மாடிக்காரர் தரை முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் போடுகிறார். காலை ஒன்பது மணிக்கு மெஷின் ஆரம்பித்தால் மாலை ஆறு வரை பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். "இன்னும் பத்து நாள்தான் மேடம்" என்றார் மேஸ்திரி. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதும் பத்து நாள் என்றுதான் சொன்னார்.

நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வெப் டெவலப்பர். ஃபுல் ஸ்டாக் என்று சொல்வார்கள். ஒரு இணையதளத்தில் நீங்கள் கண்ணால் பார்க்கிற பக்கமும் என் வேலை, அதற்குப் பின்னால் சர்வரில் நடப்பதும் என் வேலை. எது உடைந்தாலும் எனக்குத்தான் போன் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு முந்தைய கம்பெனியில் ஒரு நாள் மத்தியானம் பதினைந்து நிமிட வீடியோ கூட்டத்தில் எங்கள் குழு மொத்தத்தையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். (வீட்டிலேயே இருந்தவளை எங்கே அனுப்புவது என்று என் கணவன் செந்தில் ஜோக் அடித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.) ஏழு மாதம் சும்மா இருந்த பிறகு கிடைத்தது இந்த வேலை. ஆறு மாதம் தகுதிகாண் காலம். காரைக்குடிப் பக்கம் மானகிரிக்குப் போனபோது நான்காவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. இதுவும் போனால் என்ன செய்வது என்ற நினைப்பு பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடும்.

கம்பெனியில் ஒரு விதி இருக்கிறது. பதிவு செய்த முகவரியிலிருந்துதான் வேலை பார்க்க வேண்டும். வேறு ஊருக்குப் போவதென்றால் இரண்டு வேலை நாளுக்கு முன்பே மெயிலில் அனுமதி கேட்க வேண்டும். நானும் எழுதினேன். மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன். வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாள் என்று நினைத்துவிட்டால்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சத்திலேயே தெரியும்.

கேட்காமலே போக ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் வாடிக்கையாளரின் சர்வர், பதிவு செய்த வீட்டு இணைய இணைப்பிலிருந்து வந்தால்தான் கதவைத் திறக்கும். ஆகவே வீட்டிலிருந்த பழைய லேப்டாப்பை ஹாலில் ரவுட்டர் பக்கத்தில் ஓடவிட்டு, இரண்டையும் ஒரு யு.பி.எஸ்ஸில் மாட்டினேன். போகிற ஊரிலிருந்து என் புது லேப்டாப் வழியாக அந்தப் பழைய லேப்டாப்புக்குள் நுழைந்து, அதற்குள் உட்கார்ந்தே வேலை பார்ப்பது. ஆபீஸைப் பொறுத்தவரை நான் வேளச்சேரியில் இருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் சோறு நிறைய இருந்தது என்று நினைத்தேன். செந்திலிடம் ஐந்து முறை சொன்னேன்: "ஹால்ல இருக்கிற லேப்டாப்பைத் தொடாதே." பேப்பரில் எழுதி அதன் மூடியிலும் ஒட்டினேன். நான் லிஸ்ட் போடுகிற ரகம். எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் "ஊருக்குக் கிளம்பும் முன்" என்று பதினோரு வரி லிஸ்ட் லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு இரவு கிளாம்பாக்கத்தில் ஸ்லீப்பர் பஸ். டிக்கெட் 950 ரூபாய். திங்கள் காலை 5.50க்குக் காரைக்குடி. பஸ்ஸில் தூங்கினேனா என்று கேட்காதீர்கள். போனில் வீட்டு லேப்டாப் உயிரோடு இருக்கிறதா என்று விழுப்புரத்தில் ஒரு தடவை, திருச்சியில் ஒரு தடவை பார்த்தேன். நடுவில் பார்த்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை. காரைக்குடியிலிருந்து மானகிரி ஏழு கிலோமீட்டர் சொச்சம். ஆட்டோ 220 ரூபாய்.

தங்கும் இடம் பற்றி ஒரு விஷயம். செட்டிநாடு என்றால் பெரிய பழைய வீட்டில்தான் தங்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் ஒன்றில் சிக்னல் எப்படி என்று போனில் விசாரித்தேன். "முற்றத்துல நின்னா நாலு கோடு காட்டும் மேடம், ரூமுக்குள்ள கொஞ்சம் கம்மி" என்றார்கள். அந்தச் சுவர்களின் கனத்துக்குக் 'கொஞ்சம் கம்மி' என்றால் ஒன்றும் இருக்காது. எட்டு மணி நேரம் முற்றத்தில் நின்று கோட் எழுத முடியாது. அதனால் மானகிரியில் ஒரு புது கான்கிரீட் வீட்டின் மாடி. ஓர் இரவுக்கு 900 ரூபாய், காலைச் சாப்பாடு உட்பட. ஃபைபர் இணைப்பு, இன்வெர்ட்டர், ஆடாத மேஜை. வீட்டுக்காரர் மல்லிகா அக்கா, கல்லல் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் கணவருக்குப் பக்கத்தில் நிலம், கிணற்றுப் பாசனம்.

"ராத்திரி தூங்கலையோ? கண்ணு செவந்து கெடக்கு" என்றுதான் வரவேற்றார். "குளிச்சிட்டு வாங்க, பணியாரம் ஊத்தித் தாரேன். எத்தனை மணிக்கு வேலையில ஒக்காருவீக?"

"பத்து மணிக்கு மீட்டிங் அக்கா."

காரச் சட்னியோடு வெள்ளைப் பணியாரம் ஆறு சாப்பிட்டேன். பத்து மணிக்கு உட்கார்ந்தேன். எல்லாம் நூல் பிடித்தது போல ஓடியது. என் முறை வந்து நான் பேச வாயைத் திறந்தபோது, ஜன்னலுக்கு வெளியே சீமைக் கருவேல மரத்திலிருந்து ஒரு மயில் அகவியது. முழுத் தொண்டையில்.

"என்ன சத்தம் ரேவதி?" என்றார் டீம் லீட் பிரசன்னா.

"மேல் வீட்டு டைல்ஸ் மெஷின். சாரி."

மயில் மறுபடியும் அகவியது. "மெஷின் ரொம்பப் பழசு போல" என்றார் பிரசன்னா. யாரோ சிரித்தார்கள். எதனிடமிருந்து தப்பித்து வந்தேனோ அந்த மெஷின் மேலேயே பழியைப் போட்டேன்.

அன்று மாலை மல்லிகா அக்காவிடம் மயிலை விரட்ட வழி உண்டா என்று கேட்டேன்.

"வெரட்டுனா எதுத்த வீட்டு மாடிக்குப் போகும். அங்குட்டுப் போச்சுன்னா இன்னும் சத்தமாத்தான் கேக்கும். ஏன், மயிலு கத்துனா என்னவாம்?"

சொன்னேன். முழுக்கவே சொல்லிவிட்டேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நல்லா இருக்கே கதை! எங்க ஆபீஸ்ல எதுக்கத் தெருவுக்கு டீ குடிக்கப் போனாலும் மூவ்மென்ட் ரெஜிஸ்டர்ல எழுதிட்டுத்தான் போகணும். எங்குட்டுப் போறோம், எத்தனை மணிக்கு வாரோம், எல்லாம். கை வலிக்குது எழுதி எழுதி. எழுதிட்டுப் போனா ஒருத்தன் ஏன்னு கேக்க மாட்டான். எழுதாமப் போனாத்தான் மெமோ. ஒங்களுக்கு மெயிலு ஒண்ணுதானே? அதைக்கூட எழுதாம வந்துட்டீகளா?"

அரசாங்க வேலைக்காரர்களுக்கு என்ன, மெமோ வாங்கினாலும் மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். வெளியே சிரித்தேன்.

செவ்வாயும் புதனும் அப்படியே போயின. மாலை ஐந்தரைக்கு லேப்டாப்பை மூடினால் டவுன் பஸ்ஸில் காரைக்குடி. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கொப்புடையம்மன் கோயில் பக்கம் ஒரு நடை, கடை வீதியில் ஒரு சுற்று, ஏழரைக்குள் மானகிரி. கைமுறுக்கு வாங்கும்போதும் ஒரு கையில் போன், அதில் வேளச்சேரி லேப்டாப் ஓடுகிறதா என்ற பச்சைப் புள்ளி. ஊரை நான் பார்த்ததைவிட அந்தப் புள்ளியைத்தான் அதிகம் பார்த்தேன்.

புதன் மாலை நான் முடித்த வேலை இதுதான். எங்கள் வாடிக்கையாளர் பள்ளிச் சீருடை விற்பவர். பெற்றோர் இணையதளத்தில் அளவைப் போட்டு ஆர்டர் செய்வார்கள். அதில் ஒரு பிழை: வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், இளையதற்கு அளவு போட்டதும் மூத்ததின் அளவும் அதுவாகவே மாறிவிடும். பத்தாம் வகுப்புப் பையனுக்கு யு.கே.ஜி. சட்டை. அதை நான்தான் சரி செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை வெளியிடுவதாகத் திட்டம். புதன் மாலை 5.10க்குச் சரியாகிவிட்டது. எழுதிய கோட் முழுவதையும் அன்றே, குழுவில் எல்லோரும் எடுக்கக்கூடிய எங்கள் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றியிருக்க வேண்டும். நான் ஏற்றவில்லை. இன்னும் ஒரு முறை சோதித்துவிட்டு ஏற்றலாம், அரைகுறையாக யார் கண்ணிலும் பட வேண்டாம் என்று வேளச்சேரி லேப்டாப்பிலேயே விட்டுவைத்தேன். இந்த வேலையில் இருப்பவர்கள் இப்போதே தலையில் கை வைத்திருப்பீர்கள்.

வியாழக்கிழமை காலைக் கூட்டம் 10.25க்கு முடிந்தது. அடுத்த வேலை மூன்று மணிக்குத்தான். இவ்வளவு தூரம் வந்து ஒரு ஊராவது பார்க்காமல் போவதா என்று மல்லிகா அக்கா ஏற்பாடு செய்த கார். அரை நாளுக்கு 1,400 ரூபாய். ஓட்டுநர் பாண்டி, என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அக்கா என்றார். மல்லிகா அக்காவும் அன்று தாமதமாகப் போவதாக அனுமதி வாங்கியிருந்தார் (எழுதித்தான்), அவரைக் கல்லலில் இறக்கிவிட்டுக் கண்டரமாணிக்கம் போனோம். கல்லலிலிருந்து அங்கே பாண்டியின் மீட்டர்படி பதின்மூன்று கிலோமீட்டர். இரண்டு பக்கமும் செம்மண், கருவேலம், நடுநடுவே தண்ணீர் வற்றிய கண்மாய்.

கண்டரமாணிக்கத்தில் தெருக்கள் நேராக ஓடுகின்றன. ஒரு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் மறு தெரு. பெரும்பாலானவை பூட்டியிருந்தன. ஒரு வீட்டு மதிலை ஒட்டி நடந்துபோய் அதன் முடிவைத் தொடுவதற்குள் எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. அரை மணி நேரம் போனைப் பார்க்காமல் நடந்தேன். அந்த நான்கு நாளில் அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த சுற்றுலா.

12.20க்குப் பிரசன்னாவின் செய்தி. பள்ளிகள் பெற்றோருக்கு இன்று மூன்று மணிக்கே சீருடை ஆர்டர் பற்றிச் சுற்றறிக்கை அனுப்பப்போகின்றன, ஆகவே அளவுப் பிழையை இரண்டு மணிக்குள் சரி செய்து வெளியிட வேண்டும். "உங்க பக்கம் ரெடிதானே?" என்று கேட்டிருந்தார். ரெடி என்று பதில் போட்டுவிட்டு, காருக்கு ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்தேன். வீட்டு லேப்டாப் பதில் சொல்லவில்லை. மறுபடி. மறுபடி. பச்சைப் புள்ளி சாம்பல் நிறத்தில் இருந்தது.

செந்திலுக்கு ஏழு முறை அடித்தேன். 12.32க்கு அவனே கூப்பிட்டான். பின்னால் பஸ் ஹாரன்.

"எங்க இருக்க?"

"திண்டிவனம் தாண்டிட்டேன். விழுப்புரத்துல ஒரு கஸ்டமரோட மோட்டார் நின்னு போச்சு, சரி பண்ணணும்னு ஆபீஸ்ல கிளம்பச் சொன்னாங்க. மெசேஜ் போட்டேனே, பாக்கலையா?"

"லேப்டாப் ஓடலை செந்தில்!"

"நான் லேப்டாப்பைத் தொடவே இல்லை. உன் லிஸ்ட்படி எல்லாம் பண்ணிட்டுத்தான் கிளம்பினேன். கேஸ் மூடினேன், குழாய் பாத்தேன், மெயினை ஆஃப் பண்ணினேன்."

ஒன்பதாவது வரி. 'மெயின் சுவிட்சை அணைக்கவும்.' என் கையெழுத்து, என் லேமினேஷன். காலை ஒன்பது மணிக்கு அவன் அணைத்திருக்கிறான். யு.பி.எஸ் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்திருக்கிறது. பத்து மணிக் கூட்டத்தில் எல்லாம் ஓடியது அதன் தயவில்தான். பிறகு அதுவும் செத்துவிட்டது. என் கோட் முழுவதும் வேளச்சேரியில் இருட்டில் கிடந்தது.

"அறிவிருக்கா உனக்கு? சாவி யார்கிட்ட கொடுத்த?"

"யார்கிட்டயும் கொடுக்கலை. பத்தாவது வரி, 'சாவியை யாரிடமும் கொடுக்கக் கூடாது.'" பிறகு கோபமே இல்லாமல் கேட்டான்: "லிஸ்ட் யாரு எழுதினது ரேவதி?"

போனை வைத்துவிட்டேன். மணி 12.36. பிரசன்னாவுக்கு எழுத ஆரம்பித்தேன்: 'எங்கள் ஏரியாவில் திடீரென்று கரண்ட் போய்விட்டது.' எழுதியதை வாய்விட்டே படித்திருக்கிறேன் போல. முன் சீட்டிலிருந்து பாண்டி திரும்பினார்.

"கரண்டு எப்ப வரும்னு கேப்பாகளேக்கா. என்ன சொல்லுவீக?"

"தெரியலை."

"நானும் குளிச்சிக்கிட்டே 'ஒங்க வாசல்லதான் நிக்கிறேன்'னு சொல்ற ஆளுதான். ஒரு தடவை சவாரி சொன்ன ஒரு அம்மா வாசல்லயே நின்னுக்கிட்டு, 'எங்குட்டுப்பா நிக்கிற, நான் வாசல்லதான் நிக்கிறேன்'னுச்சு. கோயம்புத்தூர் சவாரி, ரெண்டு நாளு. போச்சு." அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

எழுதியதை அழித்தேன். அடுத்த பொய்யை எழுதத் தோன்றவில்லை என்பதல்ல, ஒன்றுக்கு மூன்று தோன்றின. ஆனால் எந்தப் பொய் சொன்னாலும் இரண்டு மணிக்குக் கோட் வராது. எத்தனையோ வீட்டில் எத்தனையோ அம்மாக்கள் தப்பான அளவுக்குப் பணம் கட்டுவார்கள். பிரசன்னாவைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

"பிரசன்னா, நான் வேளச்சேரியில இல்லை. காரைக்குடி பக்கத்துல இருக்கேன். திங்கட்கிழமையிலிருந்து. பெர்மிஷன் கேக்கலை. வீட்டு லேப்டாப் வழியா வேலை பாத்தேன், இப்ப வீட்ல மெயின் ஆஃப். நேத்து எழுதின கோட் அதுக்குள்ளதான் இருக்கு. களஞ்சியத்துல ஏத்தலை."

அவர் பதில் சொல்வதற்குள் ஏழு மாத வேலையின்மை என் மனதில் ஒரு தடவை முழுதாக ஓடி முடிந்தது.

"திருப்பி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார்.

"ஒரு மணி நேரம். நல்ல நெட்டும் கரண்டும் இருந்தா."

"எழுதி ஏத்துங்க. இங்கிருந்து நான் வெளியிடறேன். மத்ததை அப்புறம் பேசலாம்."

லேப்டாப்பில் சார்ஜ் 34 சதவீதம். போனில் இரண்டு கோடு, அதுவும் கார் நகர்ந்தால் ஒன்று. மானகிரி போக நேரமில்லை. மல்லிகா அக்காவுக்கு அடித்தேன். "கல்லலுக்கே வாங்க. எங்க ஆபீஸுக்கு எதுக்க ஜெராக்ஸ் கடை இருக்கு. பைபர் நெட்டு, இன்வெர்ட்டரு எல்லாம் அந்தக் கடைக்காரப் பொண்ணு வச்சிருக்கா. நான் சொல்லி வைக்கிறேன், வெரசா வாங்க" என்றார். பாண்டி அந்தப் பதின்மூன்று கிலோமீட்டரை எப்படி ஓட்டினார் என்று எழுத மாட்டேன். அவர் தொழில் நன்றாக நடக்க வேண்டும். 12.58க்குக் கல்லல்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை. சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கடைக்காரப் பெண், லேமினேட் செய்கிற மெஷினை ஓரமாகத் தள்ளி, அந்த மேஜையில் எனக்கு இடம் போட்டார். லேமினேஷன் மெஷின்! பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய கோடைக் களஞ்சியத்திலிருந்து இறக்க ஏழு நிமிடம் ஆனது. எழுத ஆரம்பித்தேன். நேற்று எழுதியது ஞாபகத்தில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு வரிகூட வரவில்லை. விரல் தானாக நின்றது.

"ஆதார் முன்னாடி பின்னாடி ரெண்டு காப்பி" என்று என் தோளுக்கு மேல் ஒரு கை நீண்டது. திரும்பிப் பார்க்காமல் "நான் கடைக்காரி இல்லைங்க" என்றேன். "பின்ன எதுக்கு மிஷினுகிட்ட ஒக்காந்திருக்கீக?" நியாயமான கேள்விதான்.

1.20 வரை வெற்றுத் திரைதான். பிறகு நேற்று எழுதியதை நினைப்பதை விட்டுவிட்டேன். பிழை என்னவோ அதை மட்டும் பார்த்தேன்: ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஒரு பை கொடுக்க வேண்டும், ஒருவர் பையில் மற்றவர் கை வைக்கக் கூடாது. நேற்று நாற்பது வரி எழுதியிருந்தேன். இன்று பதினேழு வரியில் முடிந்தது. இரண்டு பிள்ளைகள் போட்டுச் சோதித்தேன், மூன்று போட்டேன். 1.54க்குக் களஞ்சியத்தில் ஏற்றினேன். நான்கு மாதத்தில் முதல் தடவையாக, இன்னொரு முறை சோதிக்காமல்.

2.09க்குப் பிரசன்னாவிடமிருந்து ஒரே சொல்: 'ஓடுது.' கடைக்காரப் பெண் காசு வேண்டாம் என்றார். வற்புறுத்தி நூறு ரூபாய் கொடுத்தேன். ஆதார் காப்பி கேட்டவர் இன்னும் வரிசையில்தான் நின்றார்.

மானகிரிக்குத் திரும்பியும் அந்த 'அப்புறம்' பேச்சுக்காக உட்கார்ந்திருந்தேன். 4.40க்குப் பிரசன்னா கூப்பிட்டார். ஜன்னல் பக்கம் மயில் சரியாக அப்போதுதான் ஆரம்பித்தது.

"மெஷின் ஓடுது போல" என்றார்.

எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

"எங்க ஊர் விராலிமலை, ரேவதி. மயில் சத்தம் எனக்குத் தெரியாதா? திங்கட்கிழமையே தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இது தாங்கவில்லை. நான்கு நாளாக அவர் காத்திருந்திருக்கிறார், நான் மயிலை மெஷின் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். வாடிக்கையாளரின் சர்வருக்குள் இப்படி மறைவாக நுழைந்ததை மேலே சொல்லாமல் இருக்க முடியாது என்றார். நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். வெள்ளி மாலை பதில் வந்தது: தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீட்டிக்கப்படுகிறது. வேலை போகவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேனோ அத்தனை தடவையும் போய்விட்டது போலவே இருந்தது.

மல்லிகா அக்காவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "இது மெமோதானே? எங்கிட்ட ரெண்டு இருக்கு. மொத மெமோக்குத்தான் மூஞ்சி இப்படி இருக்கும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு தோசை கூடுதலாகப் போட்டார். சனி இரவு பஸ்ஸில் சென்னை திரும்பினேன். பச்சைப் புள்ளி பார்க்கும் செயலியை ஏறும் முன்பே நீக்கிவிட்டேன். செங்கல்பட்டு வரை நல்ல தூக்கம்.

செந்தில் விழுப்புரத்திலிருந்து இன்னும் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து நானே மெயினைப் போட்டதும் பழைய லேப்டாப் கண் விழித்தது. புதன் மாலை எழுதிய நாற்பது வரி அப்படியே இருந்தது. சும்மா மூன்று பிள்ளைகள் போட்டுச் சோதித்தேன். மூன்றாவது பிள்ளையின் அளவு முதல் பிள்ளைக்கு விழுந்தது. செந்திலுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்ப மெயினை ஆஃப் பண்ணினது நல்லதுதான்னு சொல்ற" என்றான். அந்த அளவுக்கு இறங்கிவர எனக்கு மனமில்லை. திட்டியதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டேன்.

இதே மாதிரி வேலையோடு போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காரைக்குடியில் தங்குவதென்றால் அறையின் படத்தைக் கேட்காதீர்கள், அறைக்குள்ளிருந்து எடுத்த இணைய வேகத்தின் படத்தைக் கேளுங்கள். மானகிரி மாடியில் எனக்குப் பகலில் 60 எம்.பி.பி.எஸ். வேகத்துக்குக் குறையாமல் வந்தது. கல்லல், கண்டரமாணிக்கம் பக்கம் உள்சாலைகளில் போன் சிக்னலை நம்பி லேப்டாப் எடுத்துப் போகாதீர்கள். போனால் முழு சார்ஜோடு போங்கள், எந்தச் சின்ன ஊரிலும் அரசு அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும், அதை முதலில் பார்த்து வையுங்கள். ஆறு நாளில் பஸ், தங்கல், கார், சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு ஒன்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே ஆனது. அன்றன்றைய கோடை அன்றன்றே ஏற்றிவிடுங்கள், அரைகுறையாக இருந்தாலும். மயில்கள் காலை ஒன்பதரை முதல் பதினொன்று வரையும் மாலை நாலரைக்கு மேலும் அகவும்.

போன வாரம் மேல் வீட்டுக்காரர் குளியலறை டைல்ஸை ஆரம்பித்திருக்கிறார். "பத்து நாள்தான் மேடம்." நான் உட்கார்ந்து மெயில் எழுதினேன். இடம்: மானகிரி, காரைக்குடி அருகில். நாட்கள், வீட்டு இணைய விவரம், கரண்ட் போனால் கல்லல் ஜெராக்ஸ் கடை. அனுப்பும் பொத்தானை அழுத்த இருபது நிமிடம் ஆனது. அழுத்தியது 11.06க்கு. பிரசன்னாவின் பதில் 11.10க்கு வந்தது. 'சரி, போயிட்டு வாங்க. மானகிரி இணைப்பைச் சேர்க்கச் சொல்லியாச்சு. மயிலுக்கு மியூட் இருக்கான்னு பாருங்க.'

நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்துக்குப் பயந்துதான் மூன்று மாதத்தைக் கொடுத்திருக்கிறேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டேன். இந்த முறை செந்திலும் வருகிறான். மெயினை நானே அணைத்துவிட்டுக் கிளம்புவேன்.